செம்புள்ளியை எந்தத் தூரத்தில் நிறுத்துவது?



இன்று மாலை நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபட்டோர்க்கு ஓயாத சர்ச்சையாகவும், ஈடுபடாதோர்க்குப் பௌதிக சாஸ்திரத்தின் அழகிய பாடங்களில் ஒன்றாகவும் விளங்குவது. ரைஃபிளின் முதுகில் பொருத்தப்படும் ரெட் டாட் சைட் என்னும் செம்புள்ளிக் குறிநோக்கியை எத்தனை கஜ தூரத்துக்கு ஜீரோ செய்து வைத்துக்கொள்வது என்பதே அந்த விஷயம்.

இச்சர்ச்சை மிகுதியாக நடப்பது அமெரிக்க நாட்டில். அங்கே குடிமக்கள் கையில் ஏ.ஆர்.-15 என்னும் ரைஃபிள் பரவலாக இருக்கிறது. காகித இலக்கைச் சுடுவோரும், இரும்புத் தகடுகளை ஓடி ஓடிச் சுடும் போட்டிக்காரரும், டெக்ஸாஸ் மாநிலத்தில் விளைநிலங்களைக் கிளறிப் பாழாக்கும் காட்டுப்பன்றிகளை வேட்டையாடுவோரும் அதையே ஏந்துகிறார்கள். அவர்களுடைய சுடுகளம் ஒன்றில் நாலு பேர் கூடினால், 25 கஜமே போதும் என்பார் ஒருவர். 36 என்பார் மற்றொருவர். 50 என்பார் மூன்றாமவர். 100-க்குக் குறைந்து எதுவும் ஆகாது என்பார் நான்காமவர். இவர்களில் யார் சொல்வது சரி? ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே செம்புள்ளி; அங்ஙனமிருக்க நான்கு விடைகள் எப்படிப் பிறந்தன? இதைத்தான் உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். ஆராய்ந்து முடித்தபின் என் தீர்மானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

முதலில் ஒரு பொய்யான எண்ணத்தைக் களைந்துவிட்டே மேலே செல்ல வேண்டும். குண்டு நேர்கோட்டில் செல்கிறது என்றும், வெகுதூரம் சென்று களைத்தபிறகே கீழே சாய்கிறது என்றும் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது உண்மையா? அணுவளவும் உண்மையன்று. குழலின் வாயை விட்டு நீங்கிய அந்தக் கணத்திலிருந்தே குண்டு வீழத் தொடங்கிவிடுகிறது. பூமியின் ஆகர்ஷண சக்தி, இந்தப் பொருள் வேகமாகப் போகிறது, இதைச் சற்றே விட்டுவைப்போம் என்று தாட்சண்யம் காட்டுவதில்லை. மேசையிலிருந்து தவறி விழும் பென்சில் எந்தக் கணக்குக்கு அடங்கி வீழ்கிறதோ, அதே கணக்குக்கு அடங்கித்தான் ரைஃபிளின் குண்டும் வீழ்கிறது. ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கில் சுமார் 2 அங்குலம். பத்தில் இரண்டு பங்கில் சுமார் 8 அங்குலம். பத்தில் மூன்று பங்கில் 17 அங்குலத்துக்கும் சிறிது கூடுதல். காலம் இரட்டித்தால் வீழ்ச்சி நான்கு மடங்காகிறது. காலம் மும்மடங்கானால் வீழ்ச்சி ஒன்பது மடங்காகிறது. எறியப்பட்ட பொருளின் பாதை பரவளையம் என்பதை 1638-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் கலிலியோ நிறுவிக் காட்டினார். ஆனால் அவருடைய பரவளையம் காற்றில்லாத வெளிக்கே முற்றும் பொருந்துவது. காற்றானது குண்டை எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பதை, ஊசலாடும் மரக்கட்டை ஒன்றில் குண்டைப் பாய்ச்சி அளந்து, 1742-ஆம் ஆண்டில் உலகுக்கு உணர்த்தியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். கலிலியோவின் வீழ்ச்சியும் ராபின்ஸின் தடையும் சேர்ந்தே நம் குண்டின் பாதையை வரைகின்றன.

தோட்டத்தில் நீர்க்குழாயைப் பிடித்து எட்ட நிற்கும் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறீர்கள் அல்லவா? செடியை நேராக நோக்கிக் குழாயை நீட்டினால் நீர் செடிக்கு முன்னாலேயே விழுந்துவிடும். ஆகவே குழாயின் வாயைச் சிறிது மேல்நோக்கித் தூக்குகிறீர்கள். நீர் எழும்பி, வளைந்து, இறங்கிச் செடியின் வேரில் விழுகிறது. துப்பாக்கியிலும் இதுவே நடக்கிறது. கண் நேராகப் பார்க்கிறது. குழலோ கண்ணுக்குத் தெரியாத ஓர் அற்பக் கோணத்தில் மேல்நோக்கி நிற்கிறது. குண்டு எழும்பி, வளைந்து, இறங்குகிறது.

இதனோடு இன்னொரு சூக்ஷ்மம் சேர்ந்துகொள்கிறது. குறிநோக்கி குழலுக்குள் இல்லை. குழலுக்கு மேலே இருக்கிறது. எவ்வளவு மேலே? அது துப்பாக்கியின் அமைப்பைப் பொறுத்தது. ஆர்மலைட் நிறுவனத்தில் 1950-களில் யூஜின் ஸ்டோனர் என்னும் நிபுணர் வகுத்த ரைஃபிள்களில், தோளில் ஊன்றும் கட்டை குழலுக்கு நேர்பின்னாக, ஒரே கோட்டில் அமைந்திருக்கிறது. சுடும்போது பின்னோக்கி வரும் உதைப்பு தோளை நேராக வந்து தாக்குவதால் குழலின் வாய் மேலே துள்ளுவது குறைகிறது. அது பெரிய நன்மை. ஆனால் கட்டை நேராகிவிட்டபடியால், கன்னத்தை அதில் சாய்த்துப் பார்ப்பவனுடைய கண் குழலுக்கு வெகுவாக மேலே நின்றுவிடுகிறது. கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டிய குறிநோக்கியும் உயர்ந்துவிடுகிறது. ஏ.ஆர்.-15 வகையில் இந்த உயரம் ஏறத்தாழ 2.6 அங்குலம். அற்பமான அளவென்று தோன்றும் இந்த இரண்டரை அங்குலத்தை மறந்தவர்கள், அருகிலுள்ள இலக்கைத் தவறவிட்டுவிட்டுத் துப்பாக்கியைக் குறை கூறுவதைச் சுடுகளங்களில் பார்க்கலாம்.

ஆக, என்ன நிகழ்கிறது? குண்டு, பார்வைக் கோட்டுக்கு 2.6 அங்குலம் கீழே பிறக்கிறது. சற்றே மேல்நோக்கிச் செல்வதால், சிறிது தூரம் சென்றதும் பார்வைக் கோட்டைக் கீழிருந்து மேலாகக் கடக்கிறது. பிறகு கோட்டுக்கு மேலே பறக்கிறது. பிறகு, வீழ்ச்சி மிகுந்து, மறுபடியும் கோட்டை மேலிருந்து கீழாகக் கடக்கிறது. ஒரு கோடு, ஒரு வளைவு, இரண்டு சந்திப்புகள். ஜீரோ செய்வதாவது, இந்தச் சந்திப்புகளில் ஒன்றை நாம் விரும்பிய தூரத்தில் நிறுத்துவது. ஒன்றை நிறுத்திவிட்டால், மற்றது எங்கே விழும் என்பதை இயற்கையே நிர்ணயித்துவிடும். அதில் நமக்கு அதிகாரமில்லை.

இதுவரை சொன்னது எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொது. செம்புள்ளிக் குறிநோக்கிக்கு மட்டும் இந்த விஷயம் ஏன் இத்தனை முக்கியமாகிறது?

பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிளை நினைத்துப் பாருங்கள். அதன் பின்குறியில் தூரங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இலக்கு எட்டப் போனால் குறியை உயர்த்திக்கொள்ளலாம். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியிலோ, குமிழைத் திருகிக்கொள்ளலாம்; அல்லது கண்ணாடிக்குள் வரையப்பட்ட கோடுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். செம்புள்ளிக் குறிநோக்கியில் என்ன இருக்கிறது? ஒரு புள்ளி இருக்கிறது. ஒரே ஒரு புள்ளிதான் இருக்கிறது. அருகிலுள்ளதற்கும் அதுவே, தொலைவிலுள்ளதற்கும் அதுவே. குறிநோக்கியைத் திருத்தும் திருகுகள் மூடிக்கு அடியில் மறைந்திருக்கின்றன. காரியத்தின் நடுவே அவற்றைத் திறந்து திருகிக்கொண்டிருக்க யாருக்கும் அவகாசமில்லை. எனவே, ஒரு நாள் சுடுகளத்தில் நிதானமாக அமர்ந்து நாம் தேர்ந்தெடுக்கும் ஒரே தூரமானது, பிறகு எதிர்ப்படும் எல்லாத் தூரங்களுக்கும் ஈடுகொடுக்க வேண்டியதாகிறது.

இந்தக் கருவியின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். டப்ளின் நகரத்தில் வானசாஸ்திரத் தொலைநோக்கிகளை நிர்மாணித்த ஸர் ஹவர்ட் கிரப் என்பவர், கண்ணாடியில் பிரதிபலிக்கும் குறியைக் கொண்டு குறிபார்க்கும் முறைக்கு 1900-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். விண்மீன்களை நோக்கும் கருவிகளைச் செய்வதில் ஆயுளைச் செலவிட்டவருடைய பட்டறையிலிருந்து இந்த யோசனை பிறந்தது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்களில் அம்முறை பெரிதும் பயன்பட்டது. ஆனால் கையில் ஏந்தும் துப்பாக்கிக்கு ஏற்றவாறு சிறிய சிவப்பு விளக்கையும் மின்கலத்தையும் அடக்கி, 1975-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடன் தேசத்து எய்ம்பாயிண்ட் நிறுவனம். இன்று அந்நிறுவனம் செய்யும் சிறிய வகைகளில் சில, ஒரே மின்கலத்தில் 50,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, அணையாமல் ஒளிர்கின்றன. வளைந்த கண்ணாடியின் குவியத்தில் அந்த விளக்கு இருப்பதால், பிரதிபலித்து வரும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக வருகின்றன. புள்ளி கண்ணாடியின் மேல் ஒட்டியிராமல் தூரத்திலுள்ள இலக்கின் மேலேயே நிற்பதாகத் தோன்றுகிறது. இரண்டு கண்களையும் திறந்தபடியே சுடலாம். இதுதான் இதன் பெருமை.

இனி, நால்வருடைய வாதங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்போம். நான் சொல்லப்போகும் அளவுகள், .223 என்னும் ரகத் தோட்டாவின் 55 கிரெயின் எடையுள்ள குண்டு விநாடிக்கு 3,000 அடி வேகத்தில் குழலை விட்டு நீங்குகிறது, குறிநோக்கி 2.6 அங்குல உயரத்தில் இருக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கின்படி அமைந்தவை. விநாடிக்கு 3,000 அடி என்றால் விநாடிக்கு 1,000 கஜம். நினைவில் வைத்துக்கொள்ள எளிது. அந்த வேகம் நிலைப்பதில்லை. 300 கஜம் செல்வதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் காற்று பறித்துக்கொள்கிறது.

25 கஜத்தில் ஜீரோ செய்கிறவர் என்ன சொல்கிறார்? "எங்கள் ஊர்ச் சுடுகளத்தின் நீளமே அவ்வளவுதான், இலக்கு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது, நடந்துபோய்ப் பார்ப்பதும் சுலபம்" என்கிறார். வசதி உண்மைதான். ஆனால் அந்த வசதிக்கு அவர் கொடுக்கும் விலையைப் பாருங்கள். 2.6 அங்குலம் கீழே பிறந்த குண்டு 25 கஜத்துக்குள்ளாகவே கோட்டைத் தொட வேண்டுமானால், அது மேலும் கூடுதலான கோணத்தில் ஏற வேண்டியிருக்கிறது. ஏறியது 25-இல் நின்றுவிடுமா? 100 கஜத்தில் கோட்டுக்கு 6 அங்குலம் மேலே போகிறது; 200 கஜத்தில் 9 அங்குலத்துக்கும் மேலே போகிறது; 300 கஜத்தைத் தாண்டியும் இறங்கி வந்து சேரவில்லை. ஒரு சாப்பாட்டுத் தட்டின் நடுவில் புள்ளியை வைத்து 150 கஜத்தில் சுட்டால், தட்டின் தலைக்கு மேலாகக் குண்டு பறந்துவிடும். அமெரிக்க ராணுவத்திலும் 25 மீட்டரில்தானே இதைச் செய்கிறார்கள் என்று கேட்கலாம். செய்கிறார்கள், ஆனால் அவர்கள் உத்தேசிப்பது 300 மீட்டரை. அந்தந்த ஆயுதத்துக்கென்றே கட்டம் போட்டு அச்சடித்த இலக்குத் தாளை வைத்துக்கொண்டு, நீண்ட களத்தின் வேலையைக் குறுகிய களத்தில் முடித்துக்கொள்ளும் உபாயம் அது. நின்ற மனித உருவின் அளவுள்ள பெரிய இலக்கை எண்ணி வகுத்த முறை, சிறிய வட்டத்தைச் சுடும் விளையாட்டுக்காரருக்கு எப்படிப் பொருந்தும்?

36 கஜக்காரரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மரீன் படையினர் கையாண்டுவந்த தூரம் அது. அருகே 36, தூரத்தே 300 என்பது அவர்களுடைய உத்தேசம். நம் கணக்கில் நடுவழியில் 4 அங்குலத்துக்குச் சற்று மேலே எழும்புகிறது. 300 கஜம் வரை சுட வேண்டிய கடமை உள்ளவர்க்கு அது நியாயமான ஏற்பாடு. மற்றவர்க்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

100 கஜக்காரரின் வாதம் கௌரவமான வாதம். அதைச் சற்று நின்று கேட்க வேண்டும். 100 கஜத்தில் ஜீரோ செய்தால் ஒரு விசித்திரம் நிகழ்கிறது. குண்டின் வளைவு பார்வைக் கோட்டைக் குறுக்கே வெட்டிச் செல்வதில்லை. அதன் உச்சி கோட்டைத் தொட்டும் தொடாமலும் உரசிக்கொண்டு போய்விடுகிறது. 50 கஜத்தில் முக்கால் அங்குலம் கீழே. 75-இல் கால் அங்குலம் கீழே. 100-இல் சரியாக மையத்தில். 125-இல் இன்னும் மையத்தை விட்டு அகலவில்லை. 200-இல் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றே கீழே. குண்டு எங்குமே கோட்டுக்கு மேலே போவதில்லை! ஆகவே சுடுகிறவன் நினைவில் வைக்க வேண்டியது ஒரே வாக்கியம்: "எங்கே தவறினாலும் கீழேதான் தவறும், ஆகவே சிறிது மேலே பிடி." இந்த எளிமைக்காகவே தேர்ந்த ஆசிரியர் பலர் 100 கஜத்தை விரும்புகிறார்கள். அதோடு, ஜீரோ செய்யும்போது நேரும் பிழை தூரத்தில் பெருகாமலும் இது காக்கிறது. அதை எப்படி என்று சொல்கிறேன்.

25 கஜத்தில் ஜீரோ செய்கிறவர் அரை அங்குலம் பிசகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அரை அங்குலந்தானே என்று விட்டுவிடுகிறார். அந்த அரை அங்குலம் ஒரு கோணம். கோணம் தூரத்தோடு வளரும். 200 கஜத்துக்குச் செல்லும்போது அது 4 அங்குலமாக வளர்ந்து நிற்கும். 50 கஜத்தில் செய்த அதே அரை அங்குலப் பிசகு 200-இல் 2 அங்குலம். 100 கஜத்தில் செய்த பிசகு 200-இல் 1 அங்குலம். அருகே நின்று ஜீரோ செய்தவன் தூரத்தில் கடன்பட்டவனாகிறான். இதில் 100 கஜக்காரருக்கே வெற்றி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் 100-ஐயே ஏற்றுவிடலாமே? இங்கேதான் செம்புள்ளியின் குணம் குறுக்கிடுகிறது. இந்தக் குறிநோக்கி எதையும் பெரிதாக்கிக் காட்டுவதில்லை. புள்ளியின் பருமனை எம்.ஓ.ஏ. என்னும் அளவால், அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்காகிய கலையால், குறிப்பிடுகிறார்கள். ஒரு கலை 100 கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம். சாதாரணமாகக் காணும் 2 கலைப் புள்ளி, 50 கஜத்தில் 1 அங்குலத்தை மறைக்கும்; 100 கஜத்தில் 2 அங்குலத்தை மறைக்கும்; 200 கஜத்தில் 4 அங்குலத்தை மறைக்கும். வெறுங்கண்ணுக்கு 100 கஜத்தில் இலக்கின் கறுப்பு வட்டமே சிறுத்துவிடுகிறது. அதன் மேல் ஒளிரும் புள்ளியை வைத்தால் வட்டம் எங்கே, மையம் எங்கே என்று தெரியாமல் போகிறது. கருவிழியின் வளைவில் குறையுள்ளோர்க்குப் புள்ளி வட்டமாகவே தெரிவதில்லை. நட்சத்திரமாகச் சிதறித் தெரிகிறது. இளங்கண்ணும் உறுதியான தாங்கியும் பெரிய இலக்கும் உடையவர் 100 கஜத்தில் செய்யலாம், நன்றாகவே செய்யலாம். ஆனால் எல்லாரும் அவ்வாறு பார்க்க முடியுமா?

இப்போது 50 கஜத்துக்கு வருவோம். இங்கே இயற்கை நமக்கு ஒரு சலுகையைத் தந்திருக்கிறது. ஏ.ஆர்.-15-இன் உயரமும், இந்தத் தோட்டாவின் வேகமும் யாரும் திட்டமிடாமலே ஒன்றுக்கொன்று இசைந்து, 50 கஜத்தில் ஏறும் சந்திப்பை நிறுத்தினால், இறங்கும் சந்திப்பு 200 கஜத்தை அடுத்து வந்து விழுகிறது. 25 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்றே கீழே; 50-இல் மையத்தில்; 100-இல் ஒன்றரை அங்குலம் மேலே; 125-க்கும் 150-க்கும் நடுவே உச்சி, அதுவும் ஒன்றேமுக்கால் அங்குலந்தான்; 200-இல் மீண்டும் மையத்தை ஒட்டி; 250-இல் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றே கீழே. இந்த எண்களை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். 6 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து விளிம்பு 3 அங்குலம். குழலின் வாயிலிருந்து 250 கஜம் வரையில், எந்தத் தூரத்தில் அந்தத் தகட்டை வைத்தாலும், நடுவில் புள்ளியை வைத்துச் சுட்டால் குண்டின் பாதை தகட்டுக்குள்ளேயே இருக்கிறது! மேலே பிடிக்க வேண்டாம், கீழே பிடிக்க வேண்டாம், தூரத்தை அளக்க வேண்டாம். 100 கஜ ஜீரோ இதே தகட்டுக்கு 200 கஜத்தைச் சற்றுத் தாண்டியதோடு கைவிட்டுவிடுகிறது. 36-ம் 25-ம் நடுவழியிலேயே தகட்டுக்கு மேலே போய்விடுகின்றன.

வேட்டைக்காரன் வயலோரத்தில் நிற்கிறான், அந்தி மங்குகிறது, பன்றி 80 கஜத்தில் நிற்கிறதா, 160 கஜத்தில் நிற்கிறதா என்று அவனுக்குத் திட்டமாகத் தெரியவில்லை. அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? தப்பாகக் கணித்து அந்தப் பிராணியைக் காயத்தோடு ஓடவிடுவது கொடுமையல்லவா? அவனுடைய ஐயத்தைப் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஜீரோவே அவனுக்கு ஏற்ற ஜீரோ. இந்தக் காரணத்தை முன்னிட்டே, .223 ரைஃபிளில் செம்புள்ளி வைத்திருக்கும் பொதுவான மனிதருக்கு 50 கஜமே உத்தமம் என்பது என் தீர்மானம். நூறு கஜத்துக் காகிதத்தில் ஒரே துளையில் குண்டுகளைச் சேர்க்க விரும்புகிறவர் 100-ஐக் கொள்ளட்டும். ஆனால் அவர் செம்புள்ளியை விட்டுத் தொலைநோக்கிக்கே போய்விடுவது இன்னும் நலம்.

நண்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்த ஜீரோவும் காப்பாற்றாத ஓர் இடம் உண்டு. அது வெகு அருகாமை. 10 கஜத்தில் என்ன ஆகிறது? 100 கஜ ஜீரோவில் குண்டு 2 அங்குலத்துக்குச் சற்று மேல் தாழ்ந்து படுகிறது; 50 கஜ ஜீரோவில் 2 அங்குலம்; 25 கஜ ஜீரோவில்கூட ஒன்றரை அங்குலம். போட்டிகளில், சுடக்கூடாத வெள்ளை அட்டைக்கு மேலே எட்டிப்பார்க்கும் சிறிய இலக்கைப் பத்துக் கஜத்தில் நின்று சுடுகிறவர், புள்ளியை வைத்த இடத்தில் குண்டு படும் என்று நம்பினால், வெள்ளை அட்டையையே துளைத்துவிடுவார். அதைவிட அபாயமானது இன்னொன்று. மரப் பலகையின் மேலோ வண்டியின் முகப்பின் மேலோ துப்பாக்கியைச் சாய்த்துக் குறிபார்க்கும்போது, குறிநோக்கியின் வழியே பாதை தடையின்றித் தெரியும். ஆனால் இரண்டரை அங்குலம் கீழேயிருக்கும் குழலின் வாய் பலகைக்கு நேரே நிற்கும். கண் கண்டது வெளி; குண்டு சந்திப்பது மரம். ஆகவே கண்ணுக்குத் தெரிவதோடு குழலுக்கும் வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தே தீர வேண்டும். தன் குண்டு எங்கே போகும் என்று திட்டமாக அறியாதவனுக்கு விசையைத் தொடும் உரிமை கிடையாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். 50 என்ற எண்ணில் மந்திரசக்தி ஏதுமில்லை. குழலின் நீளம் மாறினால் வேகம் மாறும். வேகம் மாறினால் வளைவு மாறும். பத்தரை அங்குலக் குட்டைக் குழலில் அதே குண்டு விநாடிக்கு 2,650 அடி வேகத்தில் வெளிப்படுவதாகக் கொண்டால், 50 கஜத்தில் ஜீரோ செய்தும் 200 கஜத்தில் 2 அங்குலம் தாழ்ந்துவிடும். நம் நாட்டுத் தேசிய மாணவர் படையில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள்; .22 ரைஃபிளோடு தரையில் படுத்துச் சுட்டுக் குரூப்பிங் எடுத்திருப்பீர்கள். அந்தச் சிறு தோட்டாவின் வேகம் இதில் பாதிகூட இல்லை. அதை 50 கஜத்தில் ஜீரோ செய்தால், 200 கஜத்தை விடுங்கள், 100 கஜத்திலேயே அரை அடிக்கும் மேலாகத் தாழ்ந்துவிடும். எண் ஒன்றே; ஆயுதம் வேறானால் பயன் வேறு. ஆகவே, ஒருவர் சொன்ன எண்ணை வாங்கி வைத்துக்கொள்வதற்கு முன், அவருடைய தோட்டா எது, குழல் எவ்வளவு, குறிநோக்கியின் உயரம் எவ்வளவு என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

இனிச் செய்முறை. முதலில் 25 கஜத்தில் இலக்கை நிறுத்திச் சுட வேண்டும். ஜீரோவை முடிப்பதற்காக அல்ல, குண்டு காகிதத்தில் விழுகிறதா என்று காண்பதற்காக. அங்கே குண்டுகள் குறிக்குச் சுமார் ஓர் அங்குலம் கீழே விழுமாறு திருத்திக்கொண்டால், 50 கஜத்தை ஏறத்தாழ அடைந்துவிட்டதாகக் கொள்ளலாம். பிறகு 50 கஜத்துக்குச் செல்லுங்கள். துப்பாக்கியை மணல் மூட்டையின் மேல் அசையாமல் ஊன்றுங்கள். புள்ளியின் ஒளியைக் குறையுங்கள். கண்கூசும் புள்ளி தன் பருமனைவிடப் பெரிதாகத் தெரிந்து ஏமாற்றும். புள்ளியைக் கண்ணாடியின் நடுவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண் விலகினால் புள்ளியும் சிறிது விலகும் குணம் எல்லாக் குறிநோக்கிகளிலும் கொஞ்சமேனும் உண்டு. ஐந்து குண்டுகள் சுடுங்கள். ஒரு குண்டைக் கண்டு ஒருபோதும் திருகாதீர்கள். ஐந்தின் நடுவைக் கண்டு திருகுங்கள். பெரும்பாலான குறிநோக்கிகளில் ஒரு கிளிக் அரைக் கலை. அதாவது 100 கஜத்தில் அரை அங்குலம், 50 கஜத்தில் கால் அங்குலம், 25 கஜத்தில் அரைக்கால் அங்குலம். இரண்டு கிளிக் பிசகி நிற்பதை, அருகிலிருந்து பார்ப்பவன் காணமாட்டான். இதனால்தான் தூரத்தில் சரிபார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

ஆம், சரிபார்க்க வேண்டும். 50 கஜத்தில் முடித்துவிட்டேன், கணக்கின்படி 200-இல் மையத்தில் படும் என்று காகிதத்தை நம்பி வீட்டுக்குத் திரும்புகிறவர் பலர். நான் இன்று சொன்ன எண்களும் காகிதக் கணக்கே. உங்கள் துப்பாக்கி அந்தக் கணக்கைப் படித்ததில்லை. தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகம் வேறொரு குழலில் அளந்ததாக இருக்கும். நீங்கள் பொருத்திய தாங்கி ஒரு கால் அங்குலம் உயர்ந்திருக்கும். குளிர்காலத்தில் வைத்த ஜீரோ கோடையில் சிறிது நகர்ந்திருக்கும். 200 கஜக் களம் கிடைத்தால் அங்கே போய்ச் சுடுங்கள்; கிடைக்காவிட்டால் 100 கஜத்திலேனும் சுட்டு, ஒன்றரை அங்குலம் மேலே படுகிறதா என்று பாருங்கள். 10 கஜத்திலும் ஒரு தாளை வைத்துச் சுட்டு, எவ்வளவு தாழ்கிறது என்பதைக் கண்ணால் கண்டு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டா, எந்தத் தூரம், எந்தத் தேதி என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். தோட்டாவின் வகையை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். குறிநோக்கியைக் கழற்றி மாட்டினாலும் அப்படியே செய்யுங்கள்.

சுடுகளத்துக்குப் போகும் வாய்ப்புள்ள அன்பர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த முறை போகும்போது, மற்றவர் சொன்ன எண்ணையும் நான் சொன்ன எண்ணையும் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, 10, 25, 50, 100, 200 கஜங்களில் ஐந்து தாள்களை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் நடுவில் புள்ளியை வைத்து ஐந்து குண்டுகள் சுட்டு, உங்கள் துப்பாக்கியின் வளைவை நீங்களே அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்.